பனித்தரையில் தொலைந்த முகம்



இந்தப் பதிவு ஒரு நிழற்படத்தைப் பற்றியது. என் மகள் முதன்முதலாகப் பனிச்சறுக்குக் காலணி அணிந்து பனித்தரையில் நின்ற நாளில் நான் எடுத்த படம் அது. நல்ல படம் அன்று. ஓர் ஆசிரியனாகவும் ஒரு தந்தையாகவும் நான் வெட்கப்பட வேண்டி வந்த படம். இருப்பினும், அதன் வழியாக நான் கற்றுக்கொண்டது, பள்ளியில் படமெடுக்கும் ஆசிரியர்களுக்கும் வீட்டில் படமெடுக்கும் பெற்றோர்களுக்கும் பயன்படக்கூடும் என்ற எண்ணத்தில் எழுதுகிறேன்.

கிள்ளானிலிருந்து பனிக்கு

மகளுக்கு அப்போது ஆறு வயது. ‘ஃப்ரோசன்’ திரைப்படத்தைப் பலமுறை பார்த்துவிட்டு, “அப்பா, பனி எங்கே இருக்கு? நாம எப்போ போவோம்?” என்று நாள்தோறும் கேட்டுக்கொண்டிருந்தாள். நம் நாட்டுக் குழந்தைகளுக்குப் பனி என்றால் ஐஸ் கச்சாங் கிண்ணத்தில் குவிந்திருப்பதுதான். கேமரன் மலைக்குப் போனால் குளிர் உண்டு, பனி இல்லை. கொரியாவுக்கும் ஜப்பானுக்கும் குடும்பத்தோடு சென்று பனிமலையில் சறுக்கிவிட்டு வருவோர் இப்போது நம்மவரிடையே கூடியிருக்கின்றனர். எங்கள் வீட்டுக் கணக்கு அதற்கு இடம் தரவில்லை. ஆகவே, பண்டார் சன்வேயில் உள்ள சன்வே பிரமிட் பேரங்காடியின் பனிச்சறுக்குத் தளத்திற்குச் செல்வதென்று பள்ளி விடுமுறையில் முடிவு செய்தோம்.

பழைய ஈயச் சுரங்க நிலத்தில் எழுந்த நகரம் பண்டார் சன்வே. பேரங்காடி 1997-இல் திறக்கப்பட்டது. வெளியே முப்பது பாகைக்கு மேல் வெயில் கொளுத்தும் ஊரில், உள்ளே ஆண்டு முழுவதும் உறைந்து கிடக்கும் பனித்தரை. இந்தத் தளத்தில் சின்னஞ்சிறு வயதில் சறுக்கப் பழகிய ஜூலியன் யீ, 2018-ஆம் ஆண்டு பியோங்சாங் குளிர்கால ஒலிம்பிக்கில் மலேசியக் கொடியோடு ஃபிகர் ஸ்கேட்டிங் பிரிவில் கலந்துகொண்டார். அதே போட்டியில் மலைச்சரிவில் சறுக்கும் பிரிவில் ஜெப்ரி வெப் பங்கேற்றார். குளிர்கால ஒலிம்பிக்கில் மலேசியா அடியெடுத்து வைத்தது அந்த ஆண்டில்தான். 2022-இல் பெய்ஜிங்கில் அருவின் சலேஹுடின் என்ற பெண் வீராங்கனையும் சென்றார். வெப்பமண்டலத்துப் பிள்ளைகளுக்குப் பனி அந்நியம் என்று இனி யாரும் சொல்ல முடியாது.

கிள்ளான் நிலையத்தில் கொமுட்டர் இரயில் ஏறி, செத்தியா ஜெயாவில் இறங்கி, அங்கிருந்து மேம்பாலத்தில் ஓடும் மின்பேருந்தில் சென்றோம். என் மனைவி, என் அம்மா, மகள், நான் என நால்வர். மனைவியின் தங்கை சுபாங்கில் கல்லூரி படிப்பவள், சறுக்கத் தெரிந்தவள், அங்கே வந்து சேர்ந்துகொண்டாள்.

அம்மா காப்பார் பக்கத்து இரப்பர்த் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். கேமரன் மலைக்கு ஒருமுறை போனபோது வாங்கிய கம்பளிச் சட்டையைப் பெட்டியிலிருந்து எடுத்து அணிந்துகொண்டு வந்தார். நுழைவுச் சீட்டு வாங்கும் இடத்தில் நின்று, “உறைஞ்ச தண்ணி மேல நடக்கறதுக்கா இவ்வளவு காசு?” என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

கண்ணும் கண்ணாடியும்

மகளுக்குக் காலுறை, கையுறை, சறுக்குக் காலணி எல்லாம் மாட்டி, அவளுடைய சித்தி கையைப் பிடித்துப் பனித்தரைக்குள் அழைத்துச் சென்றாள். நான் தடுப்புச் சுவருக்கு வெளியே நின்றேன். கழுத்தில் படக்கருவி. பள்ளி நிகழ்ச்சிகளுக்குப் படம் பிடிப்பது பல ஆண்டுகளாக என் பொறுப்பு என்பதால், எனக்குப் படமெடுக்கத் தெரியும் என்ற எண்ணம் எனக்கும் பிறருக்கும் இருந்தது.

காலணியின் அடியில் மெல்லிய இரும்புத் தகடு. நின்றாலே வழுக்கும். மகள் இரு கைகளாலும் சுவரைப் பிடித்துக்கொண்டு, பிறந்த கன்றுக்குட்டி போலக் கால்களை அகட்டி நின்றாள். நான் அடுத்தடுத்துப் படமெடுத்துக்கொண்டே இருந்தேன். அவள் ஓரடி வைத்தாள், ஒரு படம். தள்ளாடினாள், மூன்று படங்கள். கை நழுவி, கால்கள் முன்னே பறந்து, பொத்தென்று விழுந்தாள்; ஐந்து படங்கள்.

விழுந்ததும் அவள் அழவில்லை. தலையை நிமிர்த்தி என்னைத் தேடினாள். குழந்தைகள் விழுந்தவுடன் முதலில் வலியைப் பார்ப்பதில்லை, நம் முகத்தைப் பார்க்கின்றன. நம் முகம் பதறினால் அழுகின்றன. சிரித்தால் எழுந்து ஓடுகின்றன. பாலர் பள்ளி ஆசிரியைகள் யாவரும் இதை அறிவர். அன்று அவள் தேடிய இடத்தில் என் முகம் இல்லை. ஒரு கருப்புக் கண்ணாடிதான் இருந்தது. அந்தக் கணமும் படமாகியிருக்கிறது. உதடு பிதுங்கி, என்ன செய்வதென்று தெரியாமல் கண்ணாடியைப் பார்க்கும் பார்வை.

“டேய், அதைக் கீழ வைடா! புள்ள விழுந்து கிடக்கு!” என்று அம்மா கத்திய பிறகுதான் படக்கருவியை இறக்கினேன். அதற்குள் சித்தி தூக்கிவிட்டாள். அரைமணி நேரம் கழித்து, சுவரை விட்டு நான்கடி தானாகவே நகர்ந்தாள் மகள். நான்கே அடி. அவளுக்கு உலகத்தையே வென்ற மகிழ்ச்சி. அதையும் எடுத்தேன். மொத்தம் இருநூறு படங்களுக்கு மேல் சேர்ந்திருந்தன.

“அப்பா, என் முகம் எங்கே?”

திரும்பும் வழியில் கொமுட்டர் இரயிலில் மகள் என் மடியில் அமர்ந்து படங்களைப் பார்த்தாள். சிறிய திரையில் ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வந்தவள் நிறுத்தினாள்.

“அப்பா, என் முகம் எங்கே?”

பார்த்தேன். பனித்தரை சாம்பல் நிறத்தில் அழுக்காகக் கிடந்தது. அதன் நடுவே இளஞ்சிவப்புச் சட்டை, கையுறை, கால்கள். முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கரிய நிழல். பல்லும் கண்ணின் வெள்ளையும் மட்டும் தெரிந்தன. அந்த நான்கடி நடந்த வெற்றிப் படத்திலும் அப்படியே. பக்கத்தில் சறுக்கிய சீனக் குழந்தையின் முகம் ஓரளவு தெளிவாகவே விழுந்திருந்தது.

“நான் கருப்பா இருக்கறதுனால கேமராவுக்குத் தெரியலையா?”

அவள் அழுதுகொண்டு கேட்கவில்லை. ஐயம் கேட்பது போலத்தான் கேட்டாள். அதனால்தான் எனக்கு வலித்தது. அம்மா நல்லெண்ணத்தோடு, “கொஞ்சம் பவுடர் போட்டு விட்டிருக்கணும்” என்றார். மனைவி சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ‘காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு’ என்கிறோம். அந்தப் பொன் குஞ்சின் கேள்விக்கு, வகுப்பில் நாள் முழுவதும் பேசும் எனக்கு ஒரு சொல்லும் வரவில்லை. பத்து திகா தாண்டும் வரை ஏதோ சொல்லி மழுப்பினேன்.

மறுவாரம், நான் செய்தது இன்னொரு தவறு. நினைவட்டையை எடுத்துக்கொண்டு, தெரிந்த ஒரு நிழற்படக் கடைக்குச் சென்றேன். கணினி முன் இருந்த தம்பி படத்தைப் பார்த்தவுடன், “கவலைப்படாதீங்க சார், வெள்ளையாக்கிடலாம்” என்றார். சில நிமிடங்களில் மகளின் முகம் மாவு பூசியது போல் வெளுத்தது. கன்னத்தில் சற்றே சிவப்பும் ஏற்றினார். அவர் மீது குறை சொல்ல ஒன்றுமில்லை. அப்படிக் கேட்டு வாங்கிச் செல்பவர்களே மிகுதி என்று சொன்னார். நானும் வாங்கிக்கொண்டேன்.

வீட்டில் அந்தப் படத்தைப் பார்த்த மகள் என்ன சொன்னாள் தெரியுமா? “இது நானில்லை” என்று சொல்வாள் என்று நான் உள்ளூர எதிர்பார்த்தேன். அவள் சொன்னது, “இப்போ நல்லா இருக்கு.”

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. நூற்றாண்டாக விற்கும் முகப்பூச்சுகளும் திருமண விளம்பரங்களும் செய்ய வேண்டிய வேலையை, ஆறு வயதுக் குழந்தையிடம் நானே என் கையால் செய்து முடித்துவிட்டேன். 2020-இல் ஒரு புகழ்பெற்ற முகப்பூச்சு தன் பெயரிலிருந்து ‘ஃபேர்’ என்ற சொல்லை எடுத்துவிட்டு ‘க்ளோ அண்ட் லவ்லி’ ஆனது. கிண்ணத்தின் பெயர் மாறிவிட்டது. நம் வீட்டுக்குள் மாறியிருக்கிறதா?

படக்கருவியின் கணக்கு

அதன்பின் படித்தேன். ஒரு மாணவன் ஒரு கணக்கைத் தவறாகச் செய்தால், எந்தப் படியில் தவறினான் என்று தேடுவதுதானே நம் வழக்கம். அப்படித் தேடினேன். தவறு என் மகளின் நிறத்தில் இல்லை. படக்கருவியின் கணக்கில் இருந்தது. அதைத் திருத்தத் தெரியாத என் சோம்பலிலும் இருந்தது.

படக்கருவிக்கு எதிரில் இருப்பது பனியா, பாப்பாவா, பள்ளிச் சுவரா என்று தெரியாது. அது ஒளியை மட்டும் அளக்கும். உலகத்துக் காட்சிகள் எல்லாவற்றையும் கலந்து பார்த்தால் நடுத்தரமான ஒரு சாம்பல் நிறம் வரும் என்பது அதற்குச் சொல்லித் தரப்பட்ட கணக்கு. ஏறத்தாழ 18 விழுக்காடு ஒளியைத் திருப்பி அனுப்பும் சாம்பல். எதிரில் எது இருந்தாலும் அந்தச் சாம்பலுக்குக் கொண்டுவரவே அது முயலும். புதிதாகப் பெய்த பனியோ 80, 90 விழுக்காடு ஒளியைத் திருப்பி அனுப்பும். பனித்தளமும் வெண்மையானதே. ‘அடடா, வெளிச்சம் மிக அதிகம்’ என்று எண்ணிக்கொண்டு படக்கருவி தன் கண்ணைச் சுருக்குகிறது. பனி சாம்பலாகிறது. பனியே சாம்பலானால், நம் குழந்தையின் மாநிற முகம் என்ன ஆகும்? கரியாகத்தான் ஆகும். வெளிறிய தோலுடைய குழந்தையும் சற்று இருண்டுதான் விழும்; எனினும் முகம் தெரிந்துவிடும். இழப்பு ஒன்றுதான், அதைத் தாங்கும் முதல் எல்லாரிடமும் ஒன்றாக இல்லை.

இதற்கு மருந்து மிக எளிது. பெரும்பாலான படக்கருவிகளில் கூட்டல், கழித்தல் குறி போட்ட ஒரு பொத்தான் உண்டு. வெண்மையான இடத்தில் படமெடுக்கும்போது அதைக் கூட்டல் பக்கம் ஒன்று முதல் இரண்டு வரை தள்ளினால் போதும். பனி வெண்மையாகும், முகம் முகமாகும். கைப்பேசியிலோ, திரையில் குழந்தையின் முகத்தை விரலால் தொட வேண்டும். அருகில் சிறு சூரியன் போன்ற குறி தோன்றும். அதை மேலே தள்ள வேண்டும். அவ்வளவே. பத்து ஆண்டுகளுக்கு மேல் அந்தப் பொத்தான் என் கட்டைவிரலுக்கு அருகிலேயே இருந்திருக்கிறது. நான் அழுத்தியதில்லை.

ஆனால், கதை அந்தப் பொத்தானோடு முடியவில்லை. படச்சுருள் காலத்தில், 1950-கள் தொட்டு, கோடாக் நிறுவனம் படம் கழுவும் நிலையங்களுக்கு ஒரு மாதிரி அட்டையை அனுப்பி வந்தது. அதில் வெள்ளைத் தோலுடைய ஒரு பெண்ணின் படம் இருக்கும். அவள் முகம் சரியாக வந்தால் நிறம் சரி என்று பொருள். ‘ஷெர்லி அட்டை’ என்று அதற்குப் பெயர். கனடா ஆய்வாளர் லோர்னா ராத் 2009-இல் இதைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். கருமை நிறங்கள் படச்சுருளில் சரியாக விழவில்லை என்று மரத்தளவாட நிறுவனங்களும் சாக்லெட் நிறுவனங்களும் முறையிட்டதுதான் கோடாக்கைத் திருத்தத்திற்குத் தூண்டியது என்ற செய்தி அதில் வருகிறது. மனித முகத்துக்காக அன்று, மரத்துக்காகவும் இனிப்புக்காகவும்! பல நிறப் பெண்கள் சேர்ந்து நிற்கும் அட்டை 1990-களில்தான் வந்தது. 2021-இல் கூகுள் நிறுவனம் தன் பிக்சல் 6 கைப்பேசியில், கருமை நிறத் தோல் உள்ளபடி விழுவதற்கென்று ‘ரியல் டோன்’ என்ற ஏற்பாட்டைச் சேர்த்தது. அதாவது, இந்தக் குறை உண்மை என்பதை உலகம் ஒப்புக்கொள்ளவே இத்தனை காலம் ஆகியிருக்கிறது. நம் பிள்ளைகளோ, ‘குறை நம்மிடம்’ என்று இத்தனை காலம் எண்ணியிருக்கிறார்கள்.

பள்ளிச் சுவரில் தொங்கும் படங்கள்

இதைப் படித்த மறுநாள் பள்ளிக்குச் சென்றேன். அலுவலகத்திற்கு வெளியே, ஆண்டுதோறும் எடுத்த வகுப்புப் படங்கள் வரிசையாக மாட்டப்பட்டுள்ளன. அவற்றில் பல நான் எடுத்தவை. முதன்முறையாக ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன்.

நம் ஆரம்பப்பள்ளிச் சீருடையை எண்ணிப் பாருங்கள். ஆண் பிள்ளைகளுக்கு வெள்ளைச் சட்டை. பெண் பிள்ளைகளுக்கு நீலப் பினோஃபரின் உள்ளே வெள்ளைச் சட்டை. நிற்க வைப்பதோ வெள்ளையடித்த சுவருக்கு முன்னால். நேரமோ, பாட நேரம் கெடாதபடி ஓய்வு வேளையில், உச்சி வெயிலில். அதுவும் ஒரு பனித்தரைதான்! வெள்ளைச் சுவர், வெள்ளைச் சட்டை, அவற்றின் நடுவே நம் பிள்ளைகளின் முகங்கள். பின்வரிசையில், கூரை நிழல் விழும் இடத்தில் நின்றவர்கள் யாரென்றே தெரியவில்லை. பெயர்ப் பட்டியலைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

நான்காம் ஆண்டு வகுப்புப் படம் ஒன்றின் முன் வெகுநேரம் நின்றேன். சில ஆண்டுகளுக்கு முன் எடுத்தது. பின்வரிசையில் ஓரத்தில் ஒரு மாணவன். படம் அச்சாகி வந்த நாளில் அவன் என்னிடம் வந்து, “சார், நான் படத்துல தெரியல” என்றான். நான் அப்போது என்ன சொன்னேன் என்பது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. “சிரிச்சிருந்தா பல்லாவது தெரிஞ்சிருக்கும்ல?” என்றேன்.

வகுப்பே சிரித்தது. அவனும் சிரித்தான். நான் அதை நகைச்சுவை என்று எண்ணினேன். மாணவர்களோடு சிரித்துப் பழகும் ஆசிரியர் என்று என்னைப் பற்றி எனக்கே ஒரு பெருமை. அடுத்த ஆண்டு வகுப்புப் படம் எடுத்த நாளில் அவன் பள்ளிக்கு வரவில்லை. அதற்கடுத்த ஆண்டும் வரவில்லை. அப்போதெல்லாம் அதை நான் பொருட்படுத்தவே இல்லை. வராதவர் பட்டியலில் ஒரு பெயர், அவ்வளவுதான். மகளின் கேள்விக்குப் பிறகுதான் இரண்டையும் சேர்த்துப் பார்க்கத் தோன்றியது. நான் சேர்த்துப் பார்த்தது சரிதானா என்று எனக்குத் தெரியாது. வேறு காரணங்களும் இருந்திருக்கலாம். ஆனால், தவறாக இருக்க வேண்டும் என்று நான் விரும்புவதே என்னைக் குற்றவாளியாக்குகிறது.

அம்மாவின் அடையாள அட்டை

ஒரு மாலையில் இந்தப் பேச்சை அம்மாவிடம் எடுத்தேன். அவருடைய குழந்தைப் பருவப் படம் ஒன்றுகூட எங்களிடம் இல்லை. தோட்டத்துப் பிள்ளைகள் பலருக்கு வாழ்க்கையின் முதல் படமே அடையாள அட்டைக்கு எடுத்த படம்தான். அவசரகாலம் தொடங்கிய 1948-இல், பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட அனைவரும் படத்தோடும் கைரேகையோடும் அடையாள அட்டை பெற வேண்டும் என்ற நடைமுறை மலாயாவில் வந்தது. அம்மா தம் பன்னிரண்டாம் வயதில், 1960-இல், தோட்டத்து லாரியில் ஏறிக் கிள்ளான் பட்டணத்திற்குப் போய்ப் படமெடுத்திருக்கிறார். அதன் படி ஒன்றைப் பத்திரமாக வைத்திருந்தார்.

எடுத்துக் காட்டினார். கருப்பு வெள்ளைப் படம். இரட்டைச் சடை, வெள்ளைச் சட்டை. நல்ல கருத்த பெண். ஆனால், முகத்தின் ஒவ்வொரு கோடும் தெளிவாக இருந்தது. புருவத்தின் மேல் உள்ள சிறு தழும்புகூடத் தெரிந்தது.

“எப்படிம்மா இவ்வளவு தெளிவா விழுந்திருக்கு?” என்றேன்.

“அந்தக் கடைக்காரச் சீனரு மொதல்ல சொவத்துக்கு முன்னாடி நிக்க வச்சாரு. பொறவு என்னைப் பாத்துட்டு, வேணாம்னு சொல்லி, பின்னாடி ஒரு கம்பளியைக் கட்டினாரு. சாம்பக் கலரு கம்பளி. வெளக்கக்கூடக் கிட்டக் கொண்டாந்து வச்சாரு. எனக்கு ஒரே கூச்சம்.”

அறுபது ஆண்டுகளுக்கு முன்னர், பெயர் தெரியாத ஒரு கடைக்காரர், தமிழ் தெரியாதவர், மொழி தேவைப்படாத ஒரு மரியாதையை என் தாய்க்குச் செய்திருக்கிறார். முகத்தை மாற்றவில்லை, பவுடர் பூசச் சொல்லவில்லை. திரையை மாற்றினார், விளக்கை நகர்த்தினார். நான் படித்துத் தெரிந்துகொண்ட அத்தனையும் அந்தக் கம்பளியில் இருந்தது.

அம்மா அந்தப் படத்தைக் கையில் வைத்துக்கொண்டே, “கருப்பே அழகு, காந்தலே ருசின்னு எங்காயா சொல்லும். நான்தான் அன்னிக்கு ரயில்ல பவுடர்னு உளறிட்டேன்” என்றார். என் மகளைக் கூப்பிட்டுப் படத்தைக் காட்டினார். “யாரு பாட்டி இது?” “நான்தான்.” மகள் படத்தையும் பாட்டியையும் மாறி மாறிப் பார்த்தாள். “என்னை மாதிரியே இருக்கீங்க” என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அதில் மகிழ்ச்சி இருந்ததா என்று நான் உற்றுக் கேட்டேன். இருந்தது என்றே நினைக்கிறேன்.

இரண்டாம் முறை

அடுத்த பள்ளி விடுமுறையில் மீண்டும் பண்டார் சன்வே சென்றோம். இம்முறை நான் மூன்று செயல்களை மாற்றிக்கொண்டேன். ஒளியளவைக் கூட்டல் பக்கம் தள்ளினேன். தடுப்புச் சுவரோரம் முட்டிபோட்டு, மகளின் கண்மட்டத்திற்கு என் கண்ணைக் கொண்டுவந்தேன். பத்துப் படங்கள் மட்டுமே எடுப்பது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பத்தாவது படம் முடிந்ததும் படக்கருவியை மனைவியிடம் கொடுத்துவிட்டுக் காலணி வாடகைக்கு எடுத்துப் பனித்தரையில் இறங்கினேன்.

இறங்கிய மூன்றாம் நொடியே விழுந்தேன். ஆசிரியர் ஒருவர் விழுவதைப் பார்ப்பதில் குழந்தைகளுக்கு உள்ள மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது. மகள் சுவரைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். நான் எழுந்து அவளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள். நடுவில் எந்தக் கண்ணாடியும் இல்லை. பிறகு அவளும் விழுந்தாள். என் முகத்தைத் தேடினாள். இம்முறை அங்கே இருந்தேன்.

வெளியே வந்ததும் அம்மாவின் கைப்பேசியை வாங்கி, பனித்தரையைப் பின்னணியாக வைத்து என்னைப் படமெடுத்தாள் மகள். படம் பார்த்தேன். என் முகம் கரியாக இருந்தது. நான் ஒன்றும் சொல்வதற்கு முன்னரே அவள், “ஐயோ அப்பா, உங்களுக்கும் முகம் இல்லை” என்றாள். திரையில் என் முகத்தைத் தொடச் சொன்னேன். சிறு சூரியனை மேலே தள்ளச் சொன்னேன். தள்ளினாள். மெல்ல மெல்ல என் முகம் வெளிவந்தது. வெள்ளையாக அன்று, என் நிறத்திலேயே.

“கேமராவுக்குத்தான் சரியாத் தெரியலை போல” என்றாள்.

முதற்பயணத்தில் இரயிலில் கேட்ட கேள்விக்கு அவளே விடை சொல்லிக்கொண்டாள். கடையில் வெளுக்கச் செய்த அந்தப் படத்தை என்ன செய்வது என்று கேட்டேன். “வச்சுக்கலாம். ஆனா, அது பொய்ப் படம்” என்றாள். அதனால் அதைக் கிழிக்கவில்லை. உண்மைப் படத்தோடு சேர்த்து ஒரே பையில் வைத்திருக்கிறோம்.

நாம் செய்யக்கூடியவை

ஆசிரியப் பெருமக்களே, பெற்றோர்களே, என் சிற்றறிவுக்கு எட்டியவற்றைக் கீழே தருகிறேன்.

1. வகுப்புப் படத்தை வெள்ளைச் சுவருக்கு முன் எடுக்காதீர்கள். செடிவேலி, மரம், அடர்நிறத் திரை எதுவாயினும் நன்று. உச்சி வெயிலைத் தவிர்த்துக் காலையில், எல்லாரும் ஒரே நிழலில் நிற்கும்படி எடுங்கள்.

2. முதல் படத்தை எடுத்தவுடன் திரையைப் பெரிதாக்கி, மிகக் கருத்த குழந்தையின் முகத்தைப் பாருங்கள். அந்த முகம் தெளிவாக இருக்கும்வரை ஒளியளவைக் கூட்டுங்கள். சுவரும் சட்டையும் சற்று வெளுத்தால் வெளுக்கட்டும். பெற்றோர் தேடுவது சட்டையை அன்று.

3. கருத்த பிள்ளைகளைப் பின்வரிசை ஓரத்திற்குத் தள்ளாதீர்கள். உயரத்தால் பின்னே நிற்க வேண்டியிருந்தால், அங்கே ஒளி விழுகிறதா என்று பாருங்கள்.

4. படக் கடையில் ‘வெளுக்க வேண்டாம், உள்ளபடி இருக்கட்டும்’ என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் வழக்கப்படி செய்துவிடுவார்கள்.

5. பனித்தளம் போன்ற குளிரான இடத்திலிருந்து வெளி வெப்பத்திற்கு வரும்போது படக்கருவியை ஒரு நெகிழிப்பையில் கட்டி வையுங்கள். இல்லாவிடில் கண்ணாடியில் நீர் கோத்துக்கொள்ளும். குளிரில் மின்கலமும் விரைவில் தீரும்.

6. எல்லாவற்றுக்கும் மேலாக, குழந்தை முதன்முதலாக ஒன்றைச் செய்யும்போது சில படங்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அது விழுந்து நிமிரும்போது உங்கள் முகம் அங்கே இருக்கட்டும்.

இந்த ஆண்டு எங்கள் பள்ளி வகுப்புப் படங்களைத் திடலோரத்து மரநிழலில் காலை எட்டு மணிக்கு எடுத்தோம். ஒவ்வொரு வகுப்பிலும் பின்வரிசையைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டுத்தான் அனுப்பினேன். அதனால் ஒரு பாட வேளை போயிற்று. தலைமையாசிரியர் ஒன்றும் சொல்லவில்லை. படம் வந்ததும் தாமும் பின்வரிசையைத்தான் முதலில் பார்த்தார்.

கடைசியாக ஒன்று. அந்த நான்காம் ஆண்டு வகுப்புப் படத்தின் மூலக் கோப்பு என் பழைய வன்தட்டில் இருந்தது. ஓர் இரவு அதைத் திறந்து, பின்வரிசை ஓரத்தில் இருந்த நிழலில் மட்டும் ஒளியைக் கூட்டிக்கொண்டே போனேன். வெளுக்கவில்லை, அந்தக் கணத்தில் அங்கே உண்மையில் இருந்த ஒளியைத் திருப்பிக் கொடுத்தேன். புள்ளி புள்ளியாக ஒரு முகம் எழுந்து வந்தது.

அவன் சிரித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறான்.

அந்தப் படத்தை அச்சிட்டு ஓர் உறையில் போட்டு வைத்திருக்கிறேன். அவன் குடும்பம் கிள்ளானைவிட்டு இடம் பெயர்ந்துவிட்டதாகச் சொன்னார்கள். பழைய மாணவர்களிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன். உறையின் மேல் அவன் பெயரை எழுதியிருக்கிறேன். உள்ளே ஒரு மன்னிப்புக் கடிதமும் இருக்கிறது. அவனிடம் நேரில் கொடுக்கும்வரை அந்த உறை என் மேசை இழுப்பறையில் இருக்கும்.